உரித்த வெங்காயம் வேண்டும், உறை வேண்டாம்: எங்கள் வீட்டில் செய்து பார்த்தது

எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் வைக்காத வாரம் கிடையாது. அதற்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் கைநிறைய வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் குழம்பு, பொரியல், துவையல் எதை எடுத்தாலும் சின்ன வெங்காயம்தான் முதலில் வாணலியில் விழும். உரிப்பதற்கு ஆள் வேண்டும், நேரமும் வேண்டும். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அத்தைக்கு விரல் மூட்டுகளில் வாதம். பூண்டுப் பல்லைக் கிள்ளினாலே வலிக்கும். அதனால் உரித்த வெங்காயம், உரித்த பூண்டு, நறுக்கிய சாம்பார் காய், துருவிய தேங்காய், ஆய்ந்த கீரை என்று ஒவ்வொன்றாகப் பொட்டலத்தில் வர ஆரம்பித்தது.

பொட்டலக் காய்கறி வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொட்டலத்தில் இரண்டு சரக்கு இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து உரித்த உழைப்பு ஒன்று, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இன்னொன்று. முதலாவது எங்கள் வீட்டுக்கு நிஜமாகவே தேவை. இரண்டாவது இல்லாமல் முதலாவதை எப்படிப் பெறுவது என்பதுதான் நாங்கள் செய்து பார்த்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை அப்படியே எழுதுகிறேன். செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் குப்பையைச் சேர்த்தோம்

காய்கறியோடும் பழத்தோடும் வந்த பிளாஸ்டிக்கை மட்டும் கழுவி, காயவைத்து, பின்பக்க வராந்தாவில் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுவந்தோம். வேறு குப்பை எதையும் அதில் சேர்க்கவில்லை. மாதம் முடிவதற்குள் சாக்கு வாய் வரை வந்துவிட்டது. எடை போட்டால் ஒன்றுமே இல்லை. தெர்மாகோல் தட்டில் பெரும்பகுதி காற்றுதான். ஆனால் இடம் அடைக்கிறது. குப்பை அள்ளும் வண்டிக்கும் கிடங்குக்கும் இதே சிக்கல்தான்.

சமையலறைத் தராசில் சிலவற்றை நிறுத்தேன். கால் கிலோ சாம்பார் காய்க்குத் தட்டும் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளுமாக ஏழெட்டு கிராம். 100 கிராம் உரித்த பூண்டு வந்த மூடி போட்ட டப்பா மட்டும் பத்து கிராமுக்கு மேல். அதாவது பூண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குப் பிளாஸ்டிக். உரித்த வெங்காயம் வந்த பையோ மூன்று நாலு கிராம்தான். ஒரே வேலையைச் செய்யும் உறைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பது நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் இனம் பிரித்தோம். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 6 என்றால் பாலிஸ்டைரீன். தெர்மாகோல் தட்டு அந்த வகை. எண் இல்லாத பைகளையும் தாள்களையும் சின்னத் துண்டாக வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பார்க்கலாம். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வந்து மிதக்கும். பெட், பி.வி.சி. இரண்டும் அடியில் போய்விடும். தெர்மாகோலும் மிதக்கும், ஆனால் அது உள்ளே இருக்கும் காற்றால். எரித்துப் பார்த்து இனம் காணச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் வரும் புகை அமிலப் புகை.

எங்கள் சாக்கில் அதிகம் இருந்தது மெல்லிய தாளும் தெர்மாகோல் தட்டும். அடுத்தது பூண்டு, மாதுளை முத்து, காளான் வந்த டப்பாக்கள். பிறகு வலைப் பைகள், ஆப்பிளுக்குப் போடும் நுரை வலை, கீரை வந்த ஓட்டை போட்ட பைகள்.

எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். தெர்மாகோலைத் தொடவே இல்லை. மெல்லிய தாளை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். டப்பாக்களாவது போகும் என்று நினைத்திருந்தேன். "பாட்டிலா இருந்தா குடுங்க, எடுத்துக்கறேன். இந்த டப்பா போகாதுங்க, மில்லுல வாங்க மாட்டாங்க" என்றார். பொருள் ஒன்றேதான், அதே பெட். ஆனால் பாட்டிலை உடைத்துத் துகளாக்கி பாலியெஸ்டர் இழையாக மாற்றும் தொழில் நன்றாக ஓடுகிறது. டப்பா மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. அதன் தன்மை வேறு, அதோடு பசை போட்ட லேபிள் ஒட்டியிருக்கும், அளவும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் யாரும் சேர்ப்பதில்லை. சாக்கில் கொண்டுபோனதில் கட்டியான பாலிபுரொப்பிலீன் டப்பாக்கள் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சம் எல்லாம் திரும்பி வந்தது.

அடியில் முக்கோணம் போட்டிருப்பதற்கும் நம் ஊரில் அதை யாராவது வாங்குவதற்கும் சம்பந்தம் இல்லை. கோவை மாநகரின் குப்பை போய்ச் சேரும் இடம் வெள்ளலூர். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் நாற்றத்தையும் தீப்பிடிக்கும்போது எழும் புகையையும் வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் சாம்பார் வைக்கப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்ததன் பாரத்தை அவர்கள் சுமப்பது நியாயமே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு இரண்டும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-இல் வந்தது. பிளாஸ்டிக் கைப்பையின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்ற மத்திய விதி 2022 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில், பொட்டலம் போட்டு விற்கிற நிறுவனங்களே அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் விதி வந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு காலிஃபிளவர் தாள் சுற்றித்தான் என் வீட்டுக்கு வருகிறது. பிரான்சில் 2022 ஜனவரி 1 முதல் 1.5 கிலோவுக்குக் குறைவான சுமார் 30 வகைக் காய், பழங்களைப் பிளாஸ்டிக்கில் கட்டி விற்கக் கூடாது என்று தொடங்கினார்கள். வழக்கில் அந்த ஆணை அந்த ஆண்டு முடிவிலேயே ரத்தாகி, அடுத்த ஆண்டு புதிய ஆணை போட வேண்டியிருந்தது. எங்கேயும் இது லேசான வேலையாக இல்லை. அதனால் நம் கைக்குள் இருக்கிற பகுதியைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

உறை செய்யும் வேலை என்ன?

இதை யோசிக்காமல் பையை மட்டும் மாற்றினால் காய் வாடிப்போய்க் குப்பைக்குப் போகும். அது இன்னும் மோசம்.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்து, சூட்டையும் நீராவியையும் வெளியே விடுகிறது. நறுக்கியதும் அந்த மூச்சு வேகமாகிறது. வெட்டுவாயில் ஈரம் கசிகிறது. கிருமி நுழைய வழி கிடைக்கிறது. முழுக் கேரட் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் நிற்கும், நறுக்கிய கேரட் சில நாளில் வழுவழுத்துவிடும். கடைப் பொட்டலம் செய்வது ஈரத்தைத் தாங்கிப் பிடிப்பதும், தூசியும் கையும் படாமல் காப்பதும். கீரைப் பையில் ஊசி ஓட்டைகள் இருப்பது உள்ளே வியர்த்து அழுகாமல் இருக்க.

அப்படிப் பார்த்தால் கீரைக்கும் நறுக்கிய காய்க்கும் உறைக்கு ஒரு வேலை இருக்கிறது. தோலோடு இருக்கும் ஆப்பிள், குடமிளகாய், மாதுளை, எலுமிச்சைக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்று நிறக் குடமிளகாயைத் தட்டில் வைத்துச் சுற்றுவது விலைச்சீட்டு ஒட்ட வசதி என்பதற்காக மட்டுமே. மாதுளை தோலோடு வாரக்கணக்கில் இருக்கும். உதிர்த்து டப்பாவில் போட்ட முத்து ரெண்டு மூணு நாளில் புளித்த வாடை அடிக்கும். இந்த வகையை எல்லாம் வாங்குவதை ஒரே நாளில் நிறுத்தினோம். அதில் சிரமம் ஏதும் இல்லை.

பை தைத்தது

சந்தையிலும் கடையிலும் உதிரியாக வாங்கினாலும், சுருளிலிருந்து கிழித்துத் தரும் மெல்லிய பை காய்க்கு ஒன்றாக வந்துவிடுகிறது. அதற்காகத் துணிப்பைகள் தைத்தோம்.

கணவரின் பழைய பருத்தி வேட்டிதான் துணி. பலமுறை துவைத்து மெலிந்த துணி என்பதால் எடை குறைவு, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். 34 செ.மீ. அகலம், 88 செ.மீ. நீளத்தில் கிழித்து இரண்டாக மடித்தேன். பக்கங்களை முதலில் வெளிப்புறமாக ஒரு தையல், பிறகு உள்ளே திருப்பி இன்னொரு தையல் போட்டால் நூல் பிரியும் ஓரம் மறைந்துவிடும். வெண்டைக்காயின் காம்பும் பீன்ஸ் நாரும் அதில் சிக்காது. வாயை 4 செ.மீ. மடித்து நாடா கோத்தேன். தைத்து முடித்தால் ஏறக்குறைய 30க்கு 40 செ.மீ. பை. இரண்டு கிலோ தக்காளி தாங்கும்.

வெங்காயம், உருளைக்கிழங்குக்கு வேறு பை. பழைய கொசுவலையை வெட்டித் தைத்தேன். காற்று போகும், மண் உதிரும், பில் போடுகிறவர் பையை அவிழ்க்காமலே உள்ளே என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்று வரிசையில் நிற்கும்போது பெரிய உதவி.

எடை பற்றி ஒரு வார்த்தை. துணிப்பை ஒன்று 25 முதல் 30 கிராம் வருகிறது. கிலோ 60 ரூபாய்க் காய் என்றால் பைக்காக ரெண்டு ரூபாய்க்குள் அதிகம் கொடுக்கிறோம். ஆனால் கிலோ சில நூறு ரூபாய் விற்கும் பூண்டுக்கு அப்படி விட முடியாது. ஒவ்வொரு பையின் மூலையிலும் அதன் எடையைச் சிவப்பு நூலில் தைத்து வைத்தேன். எடை போடுகிறவரிடம் காட்டினால் வெறும் பையை முதலில் வைத்துச் சுழியாக்கிவிட்டுக் காயைப் போடுகிறார். பார்கோடு சீட்டு துணியில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். அதற்கு ஒரு அட்டைத் துண்டு கொண்டுபோய், எல்லாச் சீட்டையும் அதில் ஒட்டச் சொல்லி, பில் போடும் இடத்தில் அட்டையை நீட்டுகிறோம்.

வாரக் காய் முழுக்க இப்போது சிங்காநல்லூர் உழவர் சந்தையில். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கியது. விவசாயி நேரடியாக வந்து விற்கிற இடம், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். காலையில் வெள்ளனப் போனால் காய் எல்லாம் பையில்லாமல் குவியலாகக் கிடக்கும். பொட்டலம் போட அங்கே ஆளும் இல்லை, தேவையும் இல்லை. துணிப்பையை நீட்டினால் ஒரு கேள்வி கேட்காமல் கொட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு பை கொண்டுவருவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பூசணி, சுரைக்காய்க் கீற்றுக்கு மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோக வேண்டும். வெட்டிய பூசணியை வீட்டுக்கு வந்ததும் விதையும் பஞ்சும் வழித்து எடுத்துவிட்டு வையுங்கள். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கீரை

இதில்தான் அதிக நேரம் போட்டோம், அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

கட்டை அவிழ்த்து, வேரை அரிந்து, பழுத்த இலையையும் களையையும் எடுத்துவிட வேண்டும். கழுவக் கூடாது. நல்ல பருத்தித் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, அதில் கீரையைத் தளரச் சுற்றிக் குளிர்பெட்டியின் காய் அறையில் வைக்கிறோம். அரைக்கீரை, சிறுகீரை மூன்று நாள் வரை பச்சையாக நிற்கிறது. நான் துணியில் ஈரம் அதிகம் வைப்பதைக் கேட்டுவிட்டு, சந்தையில் கீரை விற்கும் பாட்டி சொன்னார்: "ஈரத்தோட சுத்தி வெச்சா அழுகிப்போகும் கண்ணு. நல்லா உதறு, கை வெச்சா சில்லுனு இருக்கோணும், நனையக் கூடாது." அந்தக் கணக்கு அப்படியே சரியாக வருகிறது. துணி மறுநாள் காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பை செய்யும் வேலையைத்தான் துணியும் செய்கிறது. நடுவில் ஒருமுறை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

கொத்தமல்லிக்கு ஈரத் துணி ஆகாது. உலர்ந்த துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில், வேர் நீக்கி, ஈரமில்லாமல் வைத்தால் ஒரு வாரம் தாராளம். கறிவேப்பிலையை உருவி, நிழலில் ஈரம் போக விட்டு, கண்ணாடி பாட்டிலில்.

முருங்கைக்கீரையை ஆய்ந்து பொட்டலமாக விற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஆய வேண்டிய வேலையே அதில் பாதிதான். சாயங்காலம் கொத்தை அப்படியே ஒரு உலர்ந்த பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வெளியிலேயே வைத்துவிட வேண்டும். காலையில் துணியைப் பிடித்து உலுக்கினால் இலை தன்னாலே உதிர்ந்து கிடக்கும். ஈர்க்கு மட்டும் கையில் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சத்தை உருவினால் போதும். அத்தைக்கு விரலை மடக்கத் தேவையில்லாத வேலை இது. இப்போது முருங்கை அவர் பொறுப்பு, அதில் அவருக்குச் சந்தோஷமும்கூட.

பூண்டும் வெங்காயமும்

பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரியிலிருந்து வந்து இறங்கும். மலைப்பூண்டு கிடைத்தால் அதைத்தான் வாங்குவோம். பற்களைப் பிரித்து, நல்லெண்ணெய் சில சொட்டு விட்டுப் பிசறி, முறத்தில் பரப்பி ஒரு வெயில் காயவைக்கிறோம். தோல் காய்ந்து பல்லிலிருந்து விலகும். பிறகு சொரசொரப்பான ஒரு துணியில் கொட்டி, மூட்டையாகப் பிடித்து உள்ளங்கையால் உருட்டித் தேய்க்க வேண்டும். காகிதம் கசங்குவது போன்ற சத்தம் வரும். அது வந்தால் தோல் கழல்கிறது என்று அர்த்தம். முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். முக்கால்வாசிப் பல் சுத்தமாக வரும், மிச்சத்தை மட்டும் கத்தியால் கிள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருமுறை செய்தால் வாரத்துக்குப் போதும்.

கழுவாமல், ஈரம் படாமல், துணி விரித்த டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கிறோம். உரித்த பூண்டை எண்ணெயில் முழுக்கி வெளியே வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றுப் போகாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமிக்கு அது ஏற்ற இடம்; வாடையோ நிறமோ மாறாமலேயே விஷமாகலாம். எண்ணெயில் போட்டால் குளிர்பெட்டியில் வைத்து ரெண்டு மூணு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உறையவைக்க வேண்டும்.

சின்ன வெங்காயத்துக்குக் குறுக்கு வழி குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டால் தோல் இளகும், கண்ணும் அவ்வளவு எரியாது. வாலையும் தலையையும் அரிந்து, தோலைப் பின்னுக்குத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். முடிந்ததும் ஒரு துண்டில் பரப்பி நன்றாக ஈரம் துடைக்க வேண்டும். ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான டப்பாவில் வைத்தால் பால், தயிரில் வாடை ஏறாது. நாலு நாள் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் முளைப்பக்கம் வழவழக்க ஆரம்பிக்கும்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும். வெங்காயம் உரிப்பது எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. பூண்டு வாரத்துக்கு ஒருமுறை, முருங்கை ஒரே உலுக்கல். வெங்காயம் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க வேண்டியது. வேலைப்பளு ஏறிய வாரத்தில் யாருக்கும் முடியவில்லை. இதற்கான வழி வேறு இடத்தில் கிடைத்தது, கடைசியில் சொல்கிறேன்.

நறுக்கிய காய், தேங்காய், மற்றவை

சாம்பார் காய்ப் பொட்டலத்தில் எல்லாக் காயையும் ஒன்றாகக் கலந்து வைப்பதே தப்பு. கத்திரிக்காய் வெட்டியதும் கறுக்கும், முருங்கைக்காய் தாங்கும், பூசணி நீர் விடும். அது கேரட்டையும் சேர்த்துக் கெடுக்கும். நாங்கள் தனித்தனி டப்பாவாக்கினோம். பீன்ஸ், கேரட், முருங்கைக்காய் மூன்றையும் ஞாயிறன்றே நறுக்கி, ஈரம் துடைத்து, அடியில் ஒரு துணி போட்டு வைத்தால் புதன், வியாழன் வரை சாம்பாருக்குக் கவலை இல்லை. கத்திரி, வெண்டை, உருளை அன்றன்றைக்குத்தான். இவற்றை நறுக்க ஐந்து நிமிடம் போதும். முழுக் கத்திரிக்காயையும் தக்காளியையும் குளிர்பெட்டிக்குள் திணிக்கவும் வேண்டாம். அதிகக் குளிரில் கத்திரி தோல் குழியும், தக்காளி ருசி இழக்கும்.

துருவிய தேங்காய்ப் பொட்டலத்துக்குப் பதிலாக வாரம் ரெண்டு காய் உடைத்துத் துருவி, தட்டையான டப்பாவில் மெல்லிசாகப் பரப்பி உறையவைக்கிறோம். மெல்லிசாக இருந்தால்தான் ஒரு கரண்டி அளவு உடைத்து எடுக்க வரும். முழு மூடியாக வைக்கும்போது கண் இருக்கும் மூடியை முதலில் தீர்த்துவிட வேண்டும், அது சீக்கிரம் கெடும்.

வாழைப்பூவும் வாழைத்தண்டும் பொட்டலத்தில் வந்தால் பெரும்பாலும் ஓரம் கறுத்தே வரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கள்ளனை நீக்கி, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட்டால் அடுத்த நாள் காலை வரை வெள்ளையாக நிற்கிறது. மோரின் புளிப்பு, கறுக்கவைக்கும் நொதியை அடக்குகிறது. கடைக்காரர்கள் பிளாஸ்டிக் சுற்றியும் தடுக்க முடியாததை அரை டம்ளர் மோர் தடுக்கிறது.

'மக்கும் பை' என்று எழுதி வரும் பைகளையும் எங்கள் மாடி உரத்தொட்டியில் போட்டுப் பார்த்தோம். காய்த்தோல் எல்லாம் மண்ணான பிறகும் பை முழுசாகக் கிடந்தது. அதற்கான தரநிலைச் சோதனை தொழிற்கூட உரக்குழியின் சூட்டில், 58 டிகிரி வாக்கில் செய்யப்படுவது. மாடித்தொட்டியில் அந்தச் சூடு வராது. மாநகராட்சி அதைத் தனியாகச் சேர்த்து அப்படி ஒரு இடத்துக்குக் கொண்டுபோனால்தான் பயன். இப்போதைக்கு அதை நம்பி வாங்குவதில்லை.

மொட்டுக் காளான் மட்டும் எந்த வழியிலும் உதிரியாகக் கிடைக்கவில்லை. அடிபட்டாலே கறுத்துவிடும் பொருள் என்பதால் டப்பாவுக்கு அதில் நியாயம் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டோம். டப்பாவில் ஓட்டை போட்டுத் தக்காளி நாற்று விடுகிறோம். பிராக்கோலியும் பேபிகார்னும் நின்றுவிட்டன.

உரிக்கிறவரிடமே வாங்கியது

வெங்காயத்துக்கு வருகிறேன். நாங்கள் வாங்கிவந்த உரித்த வெங்காயப் பொட்டலம் எங்கிருந்து வருகிறது என்று கடைப் பையனிடம் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பெண்கள் உரித்துக் கொடுக்கிறார்கள் என்றார். கடைக்காரர் மூட்டையை இறக்கிவிடுவார். அவர்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உரிப்பார்கள். கடையில் பைபோட்டு, மூடி, சீட்டு ஒட்டுவார்கள். பொட்டலத்தின் கிலோ விலை உரிக்காத வெங்காயத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தில் உரித்த கைக்குப் போவது சிறு பங்குதான்.

அந்த வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன். நடுவயது அக்கா ஒருவர், அவருடைய நாத்தனார், அக்கம்பக்கத்து இருவர். சந்தையில் நாங்களே வெங்காயம் வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறோம், கூலி கடையில் கொடுப்பதைவிடக் கூட்டித் தருகிறோம், எங்கள் டப்பாவில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் அவர் கேட்டது கூலியைப் பற்றி இல்லை. "வாராவாரம் வருவீங்களாங்க? ஒருவாட்டி வந்துட்டு விட்டுட்டா எங்களுக்குக் கடைக்காரர்கிட்ட கெட்ட பேராப் போயிரும்" என்றார். நியாயமான கேள்வி. கடை வேலையை விடச் சொல்லவில்லை, அதோடு சேர்த்துச் செய்தால் போதும் என்று பேசி முடித்தோம்.

புதன் காலை வெங்காயத்தைக் கொசுவலைப் பையில் கொடுக்கிறோம்; சாயங்காலம் எவர்சில்வர் டப்பாவில், மேலே பிழிந்த ஈரத் துணி மூடி, வந்துவிடுகிறது. இடையில் உறை ஏதும் இல்லை. உரித்து ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் குளிர்பெட்டிக்கு வருவதால் கடைப் பொட்டலத்தைவிட ரெண்டு நாள் அதிகம் தாங்குகிறது. கூலியைக் கூட்டிக் கொடுத்தும் மொத்தச் செலவு பொட்டலத்தைவிடக் குறைவுதான். தோலை அவர்களிடமிருந்தே வாங்கி மாடித் தொட்டியில் போடுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் இன்னும் நான்கு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. டப்பாக்கள் மாறாமல் இருக்க மூடியில் வீட்டு எண்ணை ஆணியால் கீறிவைத்தோம். மழை நாளில் வெங்காயம் ஈரமாக வந்தால் உரித்த பிறகு நிற்பதில்லை, அந்த வாரம் பாதி அளவுதான் கொடுக்க வேண்டும் என்று அந்த அக்காதான் சொல்லித் தந்தார். இப்போது பூண்டையும் அவர்களிடமே கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தினம் சாம்பார் காய் நறுக்கித் தர முடியுமா என்று கேட்டதற்கு, அதற்குக் காலை ஆறு மணிக்கே ஆள் வேண்டும், பள்ளிக்கூடம் திறந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.